செல்லாத பூசணி

படத்தில் ஏழு கதவுகள்.
ஒலிக்கூடத்தில் இருப்பது ஒன்றே ஒன்று,
எங்கிருந்தோ சட்டத்தோடு பெயர்த்துவந்து
சுவரில் சாய்த்தது.
கடன்காரன் நுழைந்தால் அது கடை வாசல்.
காதலன் ஒளிந்தால் அலமாரி.
மாமியாரின் மூக்கில் இடிக்க வேண்டுமென்றால்
கீலுக்குச் சூரியகாந்தி எண்ணெய் விட்டு
கொஞ்சம் மரியாதை கற்றுத்தர வேண்டும்.

கீவ். பிப்ரவரி.
நீப்பர் ஆறு பாறையாய்க் கிடக்கிறது.
திரையில் மட்டும் செர்ரி பழுத்த ஜூலை.
இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையோடு நின்று
நான் வெறுங்காலில் வயலில் ஓடுகிறேன்,
ஒரு தட்டு மாவின் மேல், உள்ளங்கைகளால்.

யாருக்காவது அறை விழுந்தால் அது நான்.
மொத்தம் பதினான்கு, கசாப்புக்கடை ஈரலின் மேல்.
குதிரை வந்தால் கவிழ்த்த இரண்டு கோப்பைகள்.
குமாஸ்தா கிணற்றில் விழுந்தபோது
வாளிக்குள் போனது என் தொப்பி.
அதற்கு இன்னும் பணம் தரவில்லை.

முத்தங்களும் நான்தான்.
செவெரினா உதட்டைக் குவிப்பாள்,
சுவர் அளவு முகம், விசிறி அளவு இமை.
சத்தம் என் இடது மணிக்கட்டில்,
கடிகாரத்தைக் கழற்றிய வெள்ளைத் தடத்தில்.
கண்ணாடிக்கு அப்பால் காதில் கருவி மாட்டிய ஒனிசிம்
"ஈரம் அதிகம், யிவ்ஹா" என்பான்.
"இது அத்தைக்குக் கொடுப்பது" என்பான்.
"இன்னொன்று."
இப்படி முப்பத்தொன்று.

மாப்பிள்ளை பிடிக்கவில்லையென்றால்
எங்கள் பெண்கள் பேசமாட்டார்கள்.
ஒரு பூசணியை எடுத்துக் கையில் கொடுப்பார்கள்.
முழுப் பூசணி. எந்தச் சோற்றில் மறைப்பான்?
தெரு பார்க்கச் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான்.
அந்தக் காட்சியைப் பற்றி மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது,
ரஷ்ய மொழியில், மூன்று முத்திரைகளோடு:
பெண் ஏன் அவனுக்குத் தர்பூசணி தருகிறாள்?
இது பரிசா? உள்நோக்கம் உண்டா?
இயக்குநர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.
நாங்கள் சிரித்தோம்,
முதலில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

செவெரினா வேறு, நாடகப் பள்ளியில் நாக்கைத் தீட்டியவள்,
'கர்பூஸ்' என்றாள்.
ஒனிசிம் கருவியைக் கழற்றினான்.
"ஹர்பூஸ். ஹ.
குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு விடு."
விட்டாள். கண்ணாடி வெளுத்தது,
அவன் முகம் மறைந்தது.
முகம் இருந்த இடத்தையே
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசணி உடையும் சத்தத்துக்கு
பிப்ரவரிச் சந்தையில் பூசணி ஏது?
ஏணியிலிருந்து நான்கு முட்டைக்கோஸ் போட்டேன்.
ஒரு வாரம் எல்லோர் வீட்டிலும் ஒரே போர்ஷ்.

ஞாயிறு அவன் வந்தான்.
கூடவே வீட்டுக்காரி ஹோர்பினா,
தோளில் குறுக்காகப் பூவேலைத் துண்டு,
கையில் ரொட்டி, தொண்டையில் சடங்குப் பேச்சு.
எங்கள் பொதுக்குடியிருப்பில் ஏழு குடும்பம், ஏழு கதவு.
ஏழும் திறந்தன.
எண்ணெய் விடாதவை,
ஒவ்வொன்றும் அதனதன் சுருதியில்.

எனக்கு என்ன தோன்றியதோ,
விரிசலுக்குச் சாயம் பூச எடுத்துவந்திருந்த
காகிதக்கூழ்ப் பூசணியைத் தூக்கி அவன் கையில் வைத்தேன்.
சமையலறையில் யாருடைய பாலோ பொங்கி வழிந்தது.
அவன் முகம் கோணவில்லை.
விரல் முட்டியால் தட்டினான். காதை வைத்தான்.
மறுபடி தட்டினான்.
"உள்ளே ஒன்றுமில்லை. காகிதமும் கோந்தும்.
ஒலி பொருந்தவில்லை, செல்லாது.
இன்னொன்று" என்றான்.
ஏழு கதவுகளிலும் சிரிப்பு.
அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

படம் செப்டம்பரில் வந்தது.
பெயர்ப் பட்டியலில் குதிரைக்காரன்வரை இருந்தார்கள்.
ஒன்பதாம் வரிசை. பூசணி விழுந்து உடைந்ததும்
பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே
"என்ன பூசணி, என்ன பூசணி!" என்றார்.
"முட்டைக்கோஸ்" என்றேன்.
மறுபக்கம் ஒனிசிம்,
படம் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்பவன்,
முப்பத்தொன்றையும் எண்ணி முடித்து
இருட்டில் என் மணிக்கட்டைத் தேடினான்.

கடிகாரம் கட்டியிருந்தேன்.